இரண்டு நோட்டுகளும் ஒரு சைலன்சரும்

கினுயோவின் வீட்டில் இரண்டு நோட்டுகள் உண்டு. பச்சை அட்டை போட்டது வீட்டுக் கணக்கு. அரிசி, மிசோ என்கிற சோயா விழுது, மண்ணெண்ணெய், மின்சாரம், யார் வீட்டுச் சாவுக்கு உறையில் எவ்வளவு வைத்தோம் என்பது வரை அதில் இருக்கும். நீல அட்டை போட்டது வண்டிக் கணக்கு. பச்சை நோட்டைக் கல்யாணமான மாதத்திலிருந்து கினுயோ எழுதுகிறாள். நீல நோட்டு அவள் புருஷன் தெட்சுரோவுடையது. வீட்டுப் பணம் வண்டியில் போகக் கூடாது, வண்டிச் செலவு வீட்டில் ஒளியக் கூடாது. கோகுரே குடும்பத்தில் அதுதான் சட்டம்.

நீல நோட்டின் முதல் வரி பதினான்கு வருடப் பழசு. ‘ஓடியது 61,204 கிலோமீட்டர். விலை நான்கு லட்சத்து எண்பதாயிரம் யென்.’ யாரோ ஒருவர் ஆறு வருடம் ஓட்டித் தள்ளிய சின்னச் சிவப்பு வண்டி. பக்கத்துக்கு ஒரு கதவு, பின்னால் மேலே தூக்கித் திறக்கிற ஒன்று. காய்கறி வாங்கப் போகிற வண்டி மாதிரி நிற்கும். சாவியைத் திருகினால்தான் தெரியும், அந்த எஞ்சின் எதற்குப் பிறந்தது என்று. கிர்யூ ஊரில் பாதிப் பேருக்கு அந்த வேகப் பைத்தியம் உண்டு. மலைப்பாதை பக்கத்திலேயே இருக்கும்போது வேறென்ன செய்வார்கள்?

ஊற்றிய பெட்ரோல் ஒவ்வொரு லிட்டரும், மாற்றிய டயர் ஒவ்வொன்றும் அந்த நோட்டில் ஏறியது. வெல்டராக இருந்த தெட்சுரோவின் எழுத்து அவர் போடும் வெல்டிங் போலவே இருக்கும்; குண்டாக, இடைவெளி மாறாமல். மூன்றாவது நீல நோட்டின் நடுவில் அந்த எழுத்து கோணிக்கொண்டு போகிறது. வரிமேல் வரி ஏறுகிறது. பிறகு ஒரு பக்கத்தில் கினுயோவின் எழுத்து ஆரம்பிக்கிறது. அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அவள் சட்டென்று புரட்டிவிடுவாள்.

தெட்சுரோவுக்குக் கண் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரியும், நடுவில் ஒன்றும் இல்லை. லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த நாளிலிருந்து தெட்சுரோ வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டார். கேட்டால் பதில் வரும்; கணக்கு பார்க்கும்போது வண்டியைப் பற்றி நாலு வார்த்தை வரும். டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார், அது ஓடாவிட்டாலும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கினுயோ அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அகாகி மலைப்பாதையில் ஏறும்போது, இரண்டாவது வளைவுக்குள் அந்த மனிதர் உயிரோடு வந்துவிடுவார்.

“மூணாவது கியருக்கு எறக்கு. இப்ப. எஞ்சின் மூச்சு முட்டுது, காதுல விழலையா?”

“விழுதுங்க. நீங்க கத்துறதுதான் அதைவிடப் பெருசா விழுது.”

“பள்ளிக்கூடத்துல குழம்பு கிண்டுற கைக்கு இவ்வளவு வருதே, அதுவே பெருசு.”

சிரிப்பார். வேலை செய்த காலத்துக் கதையெல்லாம் வரும். இறங்கி வீட்டுக்குள் காலை வைத்ததும் எல்லாம் அணைந்துவிடும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் ஐம்பத்து மூன்று வயதில் கினுயோ அந்த வண்டியின் கியரோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டாள். அந்த வண்டி போனால் தன் புருஷனும் போய்விடுவார் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பிப்ரவரியில் வண்டியின் தகுதிச் சோதனை வந்தது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. தேதி தாண்டினால் வண்டி தெருவில் இறங்கக் கூடாது. பெரிய கடைகளில் விட்டால் எல்லாம் பார்த்துக்கொள்வார்கள், கூடவே பர்ஸையும் பார்த்துக்கொள்வார்கள். அதனால் தெட்சுரோ எப்போதும் தானே மாஎபாஷிக்கு ஓட்டிக்கொண்டு போய், சோதனை வரிசையில் நின்று முடித்துவிடுவார். இந்த முறை கினுயோ போக வேண்டும்.

தேதிக்கு முந்தைய ஞாயிறு அவள் நீல நோட்டை அவருக்குப் படித்துக் காட்டினாள். பிரேக் பேட் பதினோராயிரத்து நானூறு. சக்கர அச்சை மூடுகிற ரப்பர் பூட் கிழிந்து மாற்றியது பதினாறாயிரத்து ஐந்நூறு. ஆயில் ஐயாயிரத்து இருநூறு. வண்டிக்கு வயதாக ஆக ஏறுகிற வரி, கட்டாயக் காப்பீடு, சோதனைக் கட்டணம் மூன்றும் ஐம்பத்தேழாயிரத்து எழுநூற்று ஐம்பது.

தெட்சுரோ கண்ணை மூடிக்கொண்டு கூட்டினார். “தொண்ணூறாயிரத்து எண்ணூத்தி அம்பது.”

“ஆமாங்க.”

“ஒரு லட்சத்தைத் தாண்டினா வண்டியக் குடுத்துடணும். ஞாபகம் இருக்கில்ல?”

அது அவர் போட்ட கணக்கு. போன வருடக் கடைசியில் சொன்னார். “நீ பாத்திரம் கழுவுற காசுல நான் சவாரி போறது நல்லா இல்ல. இந்தச் சோதனைக்கு மொத்தம் ஒரு லட்சம். அதுக்கு மேல ஒரு யென் ஆனாலும் வித்துடலாம்.” சொன்னால் சொன்னதுதான் அவருக்கு. வாக்கை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

“தாண்டாதுங்க. இன்னும் ஒம்பதாயிரம் மிச்சம் இருக்கே.”

“ம். பழைய சைலன்சரை மாட்டிக்கிட்டுப் போ. இப்ப இருக்கிறது எனக்கு முன்னாடி வச்சிருந்தவன் போட்ட பந்தயச் சைலன்சர். அந்தச் சத்தத்துக்கு உள்ளயே விட மாட்டாங்க. கம்பெனியில வந்தது, கொட்டகைக்குப் பின்னாடி நியூஸ் பேப்பர் சுத்தி வச்சிருக்கேன். ஒவ்வொரு தடவையும் பட்டறைக்குக் கொண்டுபோய் நானே மாத்திக்குவேன். கொக்கி விட்டுப்போன எடத்துல நம்ம கையாலதான் வெல்டு வச்சிருக்கு. இன்னும் பத்து வருஷம் தாங்கும்.”

கினுயோவின் கையில் நோட்டு அப்படியே நின்றது.

கொட்டகைக்குப் பின்னால். நியூஸ் பேப்பர் சுற்றி. நீளமாக.

கண் போன வருடம், இலையுதிர்காலத்தில் ஒரு நாள், தெட்சுரோ கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சந்தில் தடுக்கி விழுந்தார். நியூஸ் பேப்பரைக் கிழித்துக்கொண்டு நீட்டியிருந்த ஒரு துருப்பிடித்த குழாய் அவர் முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது. ரத்தத்தைத் துடைத்துக் கட்டுப் போட்டுவிட்டு, கினுயோ அழுதுகொண்டே அந்தச் சந்து முழுவதையும் காலி செய்தாள். பட்டறையிலிருந்து வந்த பழைய இரும்பு என்றுதான் நினைத்தாள். பெரிய குப்பையை எடுத்துப்போக நகராட்சிக்குக் காசு கட்டி ஒட்டுகிற ஸ்டிக்கரைக் கடையில் முந்நூறு யென்னுக்கு வாங்கினாள். அதில் தன் பெயரை எழுதி அந்தக் குழாயின்மேல் ஒட்டி, செவ்வாய்க்கிழமை காலையில் தெருமுனையில் தன் கையாலேயே கொண்டுபோய் வைத்தாள்.

“என்ன, பேச்சையே காணோம்?” என்றார் தெட்சுரோ.

“ஒண்ணுமில்லங்க. டீ கொண்டு வரேன்.”

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் தொண்ணூறாயிரத்து எண்ணூற்று ஐம்பது என்ற எண் குறுக்கே நின்றது. சமையலறையில் தண்ணீர் கொதித்து அடங்கும்வரை அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மறுநாள் பள்ளி உணவுக்கூடத்தில் எண்ணூறு பிள்ளைகளுக்குக் குழம்பு. கினுயோ உப்பை இரண்டு முறை அளந்தாள்.

“அக்கா, மூணாவது தடவையும் அளந்துட்டீங்கன்னா பசங்க ஊட்டுக்குப் போய் ஒரு குளத்தையே குடிச்சிருவாங்க” என்றாள் பக்கத்தில் நின்ற மசாயோ. “என்ன ஆச்சு? அண்ணனுக்கு ஒடம்புக்கு ஏதாவதா?”

“அவருக்கு ஒண்ணுமில்ல. வண்டிக்குத்தான்.”

“அந்தச் செவப்பு வண்டிக்கா? நீங்க ரெண்டு பேரும் அதுக்குச் செலவு பண்றதுல ஒரு புள்ளைய டாக்டருக்குப் படிக்க வச்சிருக்கலாம். சின்ன வண்டியா ஒண்ணு வாங்கிப் போடுங்கக்கா. வரி கம்மி, தொல்லை இல்ல.”

“சின்ன வண்டியில அவரு பேச மாட்டாரு மசாயோ.”

மசாயோவுக்குப் புரியவில்லை. ஆனால் கினுயோவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அன்று பெரிய அண்டாக்களை எல்லாம் அவளே கழுவினாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் கினுயோ ஓட்டாவுக்குப் போகிற சாலையில் இருக்கிற இசொகாயின் காயலான் கடைக்கு வண்டியை விட்டாள். வயல் நடுவில், தகரச் சுற்றுக்குள், வண்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவைத்திருந்தார்கள். வடக்கிலிருந்து வறண்ட காற்று வீச, தகரம் கடகடத்தது. இசொகாய்க்கு நாற்பது வயது இருக்கும். தெட்சுரோவிடம் வெல்டிங் கற்க வந்து, மூன்றாவது மாதமே ஓடிப்போனவன்.

“எஞ்சின் வேகத்தை ஏத்துங்கக்கா.” சத்தத்தைக் கேட்டான். காதைச் சொறிந்தான். “இதை எடுத்துக்கிட்டுச் சோதனைக்குப் போனா, நீங்க கேட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரிஞ்சிடும். பழைய சைலன்சர் எங்க? அண்ணன் பத்திரமா வச்சிருப்பாரே.”

கினுயோ தரையைப் பார்த்தாள். “குப்பையில போட்டுட்டேன்.”

இசொகாய் சிரிக்கவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. “ஸ்டிக்கர் ஒட்டியா?”

“ஒட்டித்தான்.”

“காசு குடுத்துப் போட்டிருக்கீங்க. சரி, வாங்க.”

மூன்றாவது வரிசையில், நசுங்கிப்போன அதே மாதிரி வண்டி ஒன்று கிடந்தது. அதன் அடியில் சைலன்சர் முழுசாக இருந்தது. “பத்து வருஷத்துக்கு முன்னாடி மூவாயிரத்துக்குக் குடுத்திருப்பேன். இப்ப இந்த வண்டிக்குப் பைத்தியம் பிடிச்சவங்க வெளிநாட்டுலேருந்தெல்லாம் கேக்குறாங்க. அண்ணன் வண்டிங்கறதால கழட்டி மாட்டி இருபத்தஞ்சாயிரம். அதுக்குக் கீழ எனக்குக் கட்டாதுக்கா.”

இருபத்தைந்தாயிரம். அவள் மனதில் எண்கள் தாமாகவே கூடின. ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்து எண்ணூற்று ஐம்பது. அவள் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.  ஒரு லட்சத்தைத் தாண்டினால் வண்டி போய்விடும் என்று அவனிடம் சொன்னபோது அவள் குரல் உடைந்துவிட்டது.

இசொகாய் கையைத் துணியில் துடைத்தான். “இதுக்கா இவ்வளவு? ரசீதுல ஐயாயிரம்னு போட்டுத் தரேன். மீதிய நீங்க தனியாக் குடுத்துடுங்க. அவரு என்ன, படிக்கவா போறாரு?”

கினுயோ நிமிர்ந்து பார்த்தாள். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் கடைசி வார்த்தை அவள் நெஞ்சில் ஆணியாக இறங்கியது. அவரால் படிக்க முடியாது. அதனால்தான் அவளால் ஏமாற்ற முடியும். ஒவ்வொரு ஞாயிறும் அவள் வாயில் வருவதைத்தான் அவர் தன் நோட்டு என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

“உள்ளதைப் போட்டுக் குடு” என்றாள். ஆனால் ரசீது கைக்கு வந்ததும் அதை நான்காக மடித்து, ஏப்ரனின் உள்பையில் வைத்துக்கொண்டாள். இசொகாய் வண்டிக்கு அடியில் படுத்து மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் குனிந்து கொக்கி இருக்கிற இடத்தைப் பார்த்தாள். வழவழப்பாக இருந்தது. வெல்டிங் இல்லை. அந்த இடத்தில் ஒரு வெல்டிங் பற்று வைத்துத் தருவாயா என்று கேட்க வாயெடுத்தாள். தன்மேலேயே வெறுப்பு வர, வாயை மூடிக்கொண்டாள்.

வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மாஎபாஷி போனாள். சோதனை வரிசையில் அவளுக்கு முன்னால் பளபளக்கிற வண்டிகள், அவற்றை ஓட்டிவந்த கடைப் பையன்கள். ஹார்ன், இண்டிகேட்டர், வைப்பர். உருளைமேல் சக்கரத்தை ஏற்று, பிரேக்கை மிதி, விடு. முன்னால் தொங்கிய பலகையில் வட்டம் வந்தால் பாஸ், பெருக்கல் குறி வந்தால் போச்சு. ஹெட்லைட்டுக்குப் பெருக்கல் குறி வந்தது. 

“கோகுரே சான், வெளிச்சம் கொஞ்சம் எடது பக்கம் சாயுது” என்றார் சோதனை அதிகாரி. “இன்னிக்கே இன்னும் ரெண்டு தடவை வரலாம். எதிர்ல சரி பண்ற கடை இருக்கு, அங்க காட்டிட்டு வாங்க.”

எதிர்க்கடையில் ஒரு கிழவர் திருப்புளியால் இரண்டு திருகு திருகிவிட்டு இரண்டாயிரத்து இருநூறு வாங்கிக்கொண்டார். மறுபடி வரிசை. இந்த முறை வட்டம். பிறகு அதிகாரி வண்டிக்குப் பின்னால் குந்தி, சத்தம் அளக்கிற கருவியை நீட்டி, “ஏத்துங்க, அப்படியே பிடிங்க” என்றார். கினுயோ மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். எஞ்சின் மென்மையாக, பழக்கமே இல்லாத குரலில் முனகியது.

“நல்லா அடக்கமா இருக்கு. போகலாம்.”

கண்ணாடியில் புது ஸ்டிக்கர் ஒட்டினார்கள். இன்னும் இரண்டு வருடம். அதைப் பார்த்து அவள் அழுததை அந்த அதிகாரி சந்தோஷம் என்று நினைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்தபோது தெட்சுரோ வாசலிலேயே நின்றிருந்தார். வண்டி தெருமுனை திரும்பும்போதே தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“பாஸாயிடுச்சுங்க.”

“ம். கணக்கை ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்.”

வெள்ளி போனது. சனி போனது. நீல நோட்டில் ஹெட்லைட்டுக்கு இரண்டாயிரத்து இருநூறு என்று எழுதினாள். அதற்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது. தொண்ணூற்று மூவாயிரத்து ஐம்பது. இத்தோடு நிறுத்தினால் வண்டி இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கும். அவர் சிரிப்பு இருக்கும். அந்த ஒரு வரியை எழுதினால் எல்லாம் போகும். எழுதாமல் விட்டால் போவது ஒன்றே ஒன்றுதான், அதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.   

ஞாயிறு காலை வெயில் அடித்தது. கிளம்புமுன் தெட்சுரோ, “என்னைக் கொஞ்சம் வண்டிக்குப் பின்பக்கம் கூட்டிப் போ” என்றார்.

 அவர் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். தெட்சுரோ குந்தினார். கையை வண்டிக்கு அடியில் விட்டார். வெல்டராக முப்பது வருடம் இருந்த விரல்கள், குழாயின் மேல் மெல்ல நடந்தன. கொக்கி இருக்கும் இடத்தில் நின்றன. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தன. பிறகு கையை எடுத்துப் பேன்டில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“சரி, உள்ள வா. மலைக்கு அப்புறம் போகலாம். முதல்ல கணக்கைப் படி.”

குரலில் ஒன்றும் இல்லை. கோபமும் இல்லை, கேள்வியும் இல்லை. அவருக்குத் தெரிந்துவிட்டதா, விரல்கள் மறந்துவிட்டனவா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

தாழ்வான மேசையருகே உட்கார்ந்தார்கள். கினுயோ நோட்டைப் பிரித்தாள். பிரேக் பேட் படித்தாள். ரப்பர் பூட் படித்தாள். ஆயில். வரி. ஹெட்லைட். எழுதிய வரி முடிந்துவிட்டது. வெள்ளைத்தாள்தான் இருந்தது. தெட்சுரோ கண்ணை மூடிக்கொண்டு, தலையைக் குனிந்து காத்துக்கொண்டிருந்தார். அவர் கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

கினுயோ ஏப்ரனிலிருந்து ரசீதை எடுத்து விரித்தாள். காகிதம் படபடத்தது.

“சைலன்சர்” என்றாள். “இருபத்தஞ்சாயிரம். மொத்தம் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்து அம்பது.” அதற்குப் பிறகு அணை உடைந்த மாதிரி எல்லாம் வந்தது. சந்து, ரத்தம், ஸ்டிக்கர், செவ்வாய்க்கிழமை காலை. “உங்க கால்ல அது குத்திடுச்சேன்னு போட்டேங்க. அதுதான் இதுன்னு எனக்குத் தெரியாது. நான்தாங்க நம்ம வண்டியக் குப்பையில போட்டேன்.”

 வெளியே யாரோ சைக்கிள் மணியடித்துப் போனார்கள்.

“வெல்டு இல்ல” என்றார் தெட்சுரோ. “தொட்டதும் தெரிஞ்சுது.”

“தெரியும்னு நெனச்சேன்.”

“நீ படிக்காம விட்டிருந்தா நானும் கேட்டிருக்க மாட்டேன்.” அவர் குரல் கரகரத்தது. “அதத்தான் வேண்டிக்கிட்டு உக்காந்திருந்தேன், கினுயோ. படிக்காம விட்டுடு, விட்டுடுன்னு. எனக்கும் அந்த வண்டி வேணும்.”

கினுயோ அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கண்கள் அவளைப் பார்க்கவில்லை, ஆனால் ஈரமாயிருந்தன. ஒன்றரை வருடத்தில் வண்டிக்கு வெளியே அவர் மனதைத் திறந்து சொன்ன முதல் பேச்சு அதுதான் என்று அவளுக்கு உறைத்தது.

“ஆனா சொன்ன வாக்கு இருக்கே” என்றாள் அவள், தானே.

“இருக்கு.” அவர் மூக்கை உறிஞ்சினார். பிறகு தலையைச் சாய்த்தார், எஞ்சின் சத்தம் கேட்கும்போது சாய்ப்பது போல. “அந்த முந்நூறு யென். ஸ்டிக்கர் வாங்கினியே, எந்த நோட்டுல எழுதின?”

“பச்சையில.”

“நிச்சயமா?”

அவள் எழுந்து போய்ப் பழைய பச்சை நோட்டைத் தேடி எடுத்து வந்தாள். கட்டுத்துணி, களிம்பு, அதற்குக் கீழே: “பெரிய குப்பை ஸ்டிக்கர் ஒண்ணு, முந்நூறு.”

“அப்ப சரியாப் போச்சு” என்றார் தெட்சுரோ. “தூக்கிப் போட்டது வீடு. அதுக்கான கூலியையும் வீடுதான் குடுத்திருக்கு. வண்டியோட சொத்தை வீடு தூக்கிப் போட்டா, வண்டியா காசு குடுக்கும்? இருபத்தஞ்சாயிரத்தப் பச்சையில எழுது. நீலத்துல எவ்வளவு?”

“தொண்ணூத்தி மூவாயிரத்து அம்பது.”

“ஒரு லட்சத்துக்கு உள்ளதான் இருக்கு.”

கினுயோவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “இது ஏமாத்து வேலைங்க.”

“எது ஏமாத்து? ரெண்டு நோட்டும் கலக்கக் கூடாதுன்னு யாரு சொன்னது, நீயா நானா?” அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “பேப்பர்ல சுத்தி வச்சவன் அதுமேல ஒரு வரி எழுதிவச்சிருக்கலாம். கண்ணு இருந்தப்ப எழுதாத முட்டாள் நான். அதுல பாதி என் பேர்ல போடு. இந்த மாசம் எனக்கு மது வேண்டாம்.”

இந்த மாதத்துப் பச்சை நோட்டை விரித்து, மிசோவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கீழே, கினுயோ எழுதினாள்: ‘சைலன்சர், இருபத்தைந்தாயிரம்.’ எழுதியதைச் சத்தமாகப் படித்தும் காட்டினாள்.

வாசலில் தெட்சுரோ காலணியைத் தடவித் தேடிக்கொண்டிருந்தார். தேடிக்கொண்டே, வீட்டுக்குள்ளேயே, பேசிக்கொண்டிருந்தார்.

“அந்த இசொகாய் மாட்டினதா? போல்ட்டச் சரியா முறுக்கியிருக்க மாட்டான். அந்தப் பய மூணே மாசத்துல ஓடிப்போனவன். ரெண்டாவது வளைவுல ஆடுதான்னு கேக்கணும். நீ ரேடியோவப் போட்டுடாத, சொல்லிட்டேன்.”